பதினாலாம் நம்பர் பெட்

போன மாதம் ஒரு பெண் எனக்கு நன்றி சொன்னாள். அன்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

கடலூர் பேருந்து நிலையத்தில் பாண்டிச்சேரி பஸ் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். 'அக்கா, என்னைத் தெரியுதா?' என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாஸ்க்கை இறக்கிய பிறகுதான் பிடிபட்டது. ஆறு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஆண்கள் வார்டில் மூன்று மாதம் இருந்தவள். அப்போது படிப்பு முடித்து வந்த புதுசு. ஊசி போடும்போது பேஷண்டை விட அவள்தான் அதிகம் கண்ணை மூடுவாள். இப்போது ஏதோ ஒரு டயாலிசிஸ் யூனிட்டில் இருக்கிறாளாம். இரண்டு வயதுப் பையனின் போட்டோவைக் காட்டினாள். மஞ்சக்குப்பம் தாண்டித் தென்பெண்ணைப் பாலம் வருவதற்குள் அந்தப் பேச்சு வந்துவிட்டது. 'அன்னைக்கு நைட்டு எனக்கு பெட்டை மாத்திக் குடுத்தீங்களேக்கா, அதை நான் மறக்கவே மாட்டேன்.'

அந்த இரவு எனக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் எனக்கு ஞாபகம் இருப்பது பெட்டை மாற்றிக் கொடுத்தது அல்ல. அதற்கு முன்னால் என் வாயிலிருந்து வந்த வாக்கியம். 'பேஷண்ட்தானே, விடும்மா.'

மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவில் ஒரு தனியார் மருத்துவமனை, அது போதும். ஆண்கள் வார்டில் 24 பெட். இரவில் இரண்டு நர்ஸ், ஓர் ஆயா. பாதி ராத்திரிக்கு மேல் கேஷுவாலிட்டியில் ஆள் இல்லையென்று ஆயாவையும் கூப்பிட்டுக்கொள்வார்கள். பதினாலாம் பெட்டில் இருந்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தவளக்குப்பம் பக்கம் பைக்கிலிருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, உள்ளே ராடு வைத்திருந்தார்கள். ஆபரேஷன் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. நல்ல நினைவோடு இருந்தார். நெற்றியில் விபூதி, தலைமாட்டில் செய்தித்தாள், டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் படுத்தபடியே கும்பிடு. பகல் ஷிஃப்ட் நர்ஸுகளிடம் கேட்டால், அவரைப் போலத் தங்கமான பேஷண்ட் கிடையாது என்பார்கள்.

இரவு இரண்டேகால் மணிக்கு அவள் வந்து என் மேஜைக்கு எதிரே நின்றாள். கையில் பி.பி. கருவி. அதன் ரப்பர் குழாயை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். 'பதினாலுக்கு நீங்க போறீங்களாக்கா?' ஏன் என்று கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு துண்டு துண்டாக வந்தது. கையில் பட்டையைக் கட்டும்போது அவர் விரல் இவள் இடுப்பில் படுகிறது. முதல் நாள் தெரியாமல் பட்டது என்று விட்டுவிட்டாள். அடுத்த நாள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, எந்த ஊர், கல்யாணம் ஆயிடுச்சா, போன் நம்பர் என்ன என்று விசாரித்தார். இன்றைக்குப் பிடித்த கையை விடவே இல்லை. பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். டியூப்லைட் வெளிச்சத்தில் மணிக்கட்டு சிவந்திருந்தது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும்தான் அப்படிச் சொன்னேன். 'பேஷண்ட்தானே, விடும்மா. பதினாலை நான் பார்த்துக்கறேன். நீ என்னோட பத்தொன்பதைப் பாரு.' அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நான் போனபோது அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்குவது போலப் படுத்திருந்தார். 130-க்கு 80. எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்கா, அப்பா, அண்ணா

எங்கள் வேலையில் யாரும் வகுப்பெடுக்காத பாடம் ஒன்று உண்டு. சீனியர் ஜூனியருக்கு, டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு சொல்லிக்கொடுப்பது. பி.பி. பார்க்கும்போது பேஷண்டின் கையை உன் பக்கம் தொங்கவிடாதே, தலையணை மேல் வை. அவர் தோளுக்கு நேராக நில், இடுப்புக்கு நேராக நிற்காதே. பெட்டைச் சுற்றி மறைக்கிற ஸ்கிரீனை முழுக்க இழுக்காதே, கால்மாட்டில் ஒரு சாண் திறந்திருக்கட்டும். கதவு உன் முதுகுக்குப் பின்னால் இருக்கணும், பேஷண்டுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. கையில் எப்போதும் ஒரு பேனா இருக்கட்டும், பிடிக்க வந்தால் பேனா இடையில் வரும். எல்லாவற்றுக்கும் மேலே, வாயைத் திறந்ததும் உறவு சொல்லிக் கூப்பிடு. வயசானவர் என்றால் 'அப்பா', நடு வயது என்றால் 'அண்ணா'. சத்தமாகக் கூப்பிடு, பக்கத்து பெட்டுக்குக் கேட்கணும்.

இருபத்தோரு வருடமாக நானும் இதைத்தான் செய்தேன், இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். உறவுச் சொல்லை ஒரு வேலி போல நட்டுக்கொள்கிறோம். அவர்கள் எங்களை 'சிஸ்டர்' என்கிறார்கள், நாங்கள் அவர்களை 'அண்ணா' என்கிறோம், ஆக யாரும் யாரையும் தப்பாகப் பார்க்க முடியாது என்று ஒரு நம்பிக்கை. பாதி நாள் அது வேலையும் செய்யும். மீதிப் பாதி நாள் அதே வேலி நம்மை உள்ளே வைத்துப் பூட்டிவிடும். வீட்டுக்குள் நடந்ததை வெளியே சொல்ல மாட்டோம் இல்லையா? அப்பா ஸ்தானத்தில் இருக்கிறவர் கையைப் பிடித்தார் என்று புகார் எழுதினால், எழுதியவள்தான் மனசு கெட்டவள் ஆகிறாள். பிற்பாடு ஒருவர் என்னிடமே சொன்னார், 'என் பொண்ணு மாதிரி நெனச்சித்தாம்மா பிடிச்சேன்' என்று. அந்தக் கதைக்கு வருகிறேன்.

பெண் நோயாளியை ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது கூட ஒரு பெண் நிற்க வேண்டும் என்பது எல்லா மருத்துவமனையிலும் தெரிந்த ஒழுங்கு. எத்தனையோ முறை அப்படிப் போய் நின்றிருக்கிறேன், அந்தப் பெண்ணுக்காகவும் டாக்டருக்காகவும். ஆனால் நடு இரவில் ஆண் வார்டில் ஒரு நர்ஸ் தனியாக ஸ்கிரீனுக்குள்ளே போகும்போது கூட நிற்க யாரும் இல்லை. சிறுநீர்க் குழாய் போடவேண்டியிருந்தால், ஆண் நர்ஸோ உதவியாளரோ இருந்தால் அவரைக் கூப்பிடுவோம். இல்லாத இரவுகளில் நாங்கள்தான். அப்போது யார் கூட நிற்பது என்று எந்த மேட்ரனும் யோசித்து நான் பார்த்ததில்லை. மேட்ரன் ஆன பிறகு நானும் ரொம்ப நாள் யோசிக்கவில்லை.

தெரியாமல் அடித்தவர்

இன்னொரு ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் எல்லா பேஷண்டையும் குற்றம் சொல்வது போல ஆகிவிடும். பாண்டிச்சேரி ஓரத்தில் வேலை பார்க்கிற நர்ஸுகளுக்கு இவர் ரொம்பப் பழக்கம். கால் முறிவு, குடலிறக்கம், சர்க்கரைப் புண் என்று எதற்கோ அட்மிட் ஆகியிருப்பார். குடிப்பீர்களா என்று கேட்டால், மனைவி பக்கத்தில் நிற்பதால், எப்போதாவது என்பார். இரண்டாம் நாள் ராத்திரி கை நடுங்க ஆரம்பிக்கும். மூன்றாம் நாள் பெட்டில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிக்கொண்டிருப்பார். வியர்த்துக் கொட்டும். டிரிப்ஸைப் பிடுங்குவார், நம்மைப் பார்த்து வேறு யார் பேரையோ சொல்லித் திட்டுவார். தினமும் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தியதும் படுகிற பாடு அது. அப்படி ஒருவர் என் இடது கையைத் திருகியதில் இன்றும் மழைக்காலத்தில் கட்டை விரல் பக்கம் வலிக்கும். அவர் மேல் எனக்கு ஒரு துளி கோபம் இல்லை. தெளிந்த பிறகு, 'நானா சிஸ்டர்? சத்தியமா ஞாபகம் இல்லை சிஸ்டர்' என்று அழுதார்.

இவருக்கு எங்களிடம் எல்லா ஏற்பாடும் உண்டு. குளுக்கோஸ் ஏற்றும் முன்னால் தயமின் என்கிற வைட்டமின் கொடுக்க வேண்டும். நடுக்கத்தை அடக்குகிற லோராசிபாம் எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒரு தரம் என்பது ஷீட்டில் இருக்கும். கட்டிலின் இரு பக்கக் கம்பியும் ஏற்றியிருக்க வேண்டும். தனியாக யாரும் பக்கத்தில் போகக் கூடாது, இரண்டு பேர் போக வேண்டும். ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும், 'ஏழாம் பெட் வயலன்ட், ஜாக்கிரதை' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம்.

தான் என்ன செய்கிறோம் என்று தெரியாதவருக்கு இத்தனை ஏற்பாடு. நன்றாகத் தெரிந்து செய்கிறவருக்கு ஒன்றுகூட இல்லை. அவர் பக்கத்தில் மட்டும் ஒரே ஆளாக, சின்னப் பெண்ணாகப் போகலாம்.

ரிப்போர்ட் புக்

அந்த இரவுக்கு மறுநாள் அவள் லீவு. அதற்கு அடுத்த நாள் பெண்கள் வார்டுக்கு மாற்றல் கேட்டாள். கொடுக்கவில்லை, ஆள் இல்லை என்றார்கள். மாதக் கடைசியில் நின்றுவிட்டாள். புதுசாக வருகிற பிள்ளைகள் இப்படித்தான், நைட் டூட்டி என்றால் ஓடிவிடும் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். நானும் கூட நின்று தலையாட்டினேன் என்று நினைக்கிறேன்.

பதினாலாம் பெட்காரர் டிஸ்சார்ஜ் ஆன பிறகு, பில்லிங்கில் ஏதோ சந்தேகம் வந்து, என்றைக்கு எந்த மருந்து கொடுத்தோம் என்று பார்க்க நைட் ரிப்போர்ட் புக்கை எடுத்தேன். நீல அட்டை போட்ட நீளமான நோட்டு. எங்கள் ரிப்போர்ட் எல்லாம் நர்ஸிங் இங்கிலீஷில்தான் இருக்கும்: கான்ஷியஸ், ஓரியன்டட், வைட்டல்ஸ் ஸ்டேபிள். ஆபரேஷன் நடந்த இரவில் ஆரம்பித்துப் புரட்டினேன். முதல் இரவு ஒரு கையெழுத்து: 'பேஷண்ட் டாக்கேட்டிவ்', நிறையப் பேசுகிறார். இரண்டாம் இரவு வேறு கையெழுத்து: 'ஃப்ரீக்வென்ட்லி காலிங் சிஸ்டர்', அடிக்கடி நர்ஸைக் கூப்பிடுகிறார். மூன்றாம் இரவு மூன்றாவது கையெழுத்து: 'டிமாண்டிங். கவுன்சலிங் கிவன்', அதைச் செய் இதைச் செய் என்கிறார், எடுத்துச் சொன்னோம்.

அந்த மேஜையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வலி அதிகம் என்று யாரும் எழுதவில்லை. தூக்கம் வரவில்லை என்றும் எழுதவில்லை. மூன்று இரவு, மூன்று பெண்கள், மூவருக்கும் ஒன்றுதான் நடந்திருக்கிறது. மூவரும் அதை ஆளுக்கொரு நாசூக்கான வார்த்தையில் மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்து வருகிறவளுக்குப் புரியுமா? புரியாது. எனக்கே, எழுதியவர்களை எல்லாம் பெயர் சொல்லித் தெரிந்தும், அன்று காலைதான் புரிந்தது. ஒருத்தியாவது ஷிஃப்ட் மாறும்போது, 'பதினாலு கையைப் பிடிக்கிறார், ரெண்டு பேராப் போங்க' என்று சொல்லியிருந்தால், அந்தச் சின்னப் பெண் அங்கே தனியாகப் போயிருக்க மாட்டாள். அப்புறம் நாலாம் இரவைப் பார்த்தேன். என் கையெழுத்து. என் எழுத்து அழகாக இருக்கும், எல்லோரும் சொல்வார்கள். 'ஸ்லெப்ட் வெல்.' நன்றாகத் தூங்கினாராம்.

மற்ற மூவராவது கோடி காட்டியிருந்தார்கள்.

லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ்

எங்கள் மருத்துவமனையில் லிஃப்ட் பக்கத்துச் சுவரில் உள்ளகப் புகார்க் குழு என்று ஒரு நோட்டீஸ் இருந்தது. 2013-ல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற எந்த இடத்திலும் அந்தக் குழு இருக்க வேண்டும். அது டாக்டரோ மேனேஜரோ தப்பாக நடந்தால் போகிற இடம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். பேஷண்ட் மேல் அங்கே புகார் கொடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. சட்டத்தை எடுத்துப் படித்தபோதுதான் தெரிந்தது. பணியிடம் என்பதற்குச் சொல்லும் விளக்கத்திலேயே மருத்துவமனையும் நர்ஸிங் ஹோமும் பெயர் சொல்லி வருகின்றன. முதலாளியின் கடமைகளைச் சொல்லும் 19-ஆம் பிரிவு, பணியிடத்தில் எதிர்ப்பட நேர்கிறவர்களிடமிருந்தும் பாதுகாப்புத் தர வேண்டும் என்கிறது. அந்தப் பெண் போலீஸுக்குப் போக விரும்பினால் அதற்கும் உதவ வேண்டும். குழுவிடம் புகார் கொடுக்க மூன்று மாதம் அவகாசம். எங்கள் வார்டில் பதினாலாம் பெட் மூன்று மாதத்தில் முப்பது பேரைப் பார்த்துவிடும்.

யோசித்தால் இந்தச் சட்டம் பிறந்ததே அப்படித்தான். வேலை பார்க்கிற இடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 1997-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த விசாகா தீர்ப்புதான் இதற்கு வேர். அந்த வழக்குக்குக் காரணமான ராஜஸ்தானின் பன்வாரி தேவியை 1992-ல் கூட்டாக வன்கொடுமை செய்தவர்கள் அவருடைய மேலதிகாரிகளோ கூட வேலை பார்த்தவர்களோ அல்ல. அரசுத் திட்ட ஊழியராக ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார் என்று பழி தீர்த்த ஊர்க்காரர்கள். வேலை கொண்டுபோய் விட்ட இடத்தில் எதிர்ப்பட்டவர்கள். எங்களுக்கு அப்படி எதிர்ப்படுகிறவர்கள் பேஷண்டும், அவர் கூட வருகிறவர்களும்தான். வேறு யாரை நாங்கள் பார்க்கிறோம்?

கேஷுவாலிட்டியில் வேறொரு போர்டு உண்டு, ஊழியர்களைத் தாக்கினால் சிறை என்று சிவப்பு எழுத்தில். தமிழ்நாட்டின் 2008-ஆம் வருடச் சட்டம் அது. மூன்று வருடம் முதல் பத்து வருடம் வரை தண்டனை, நர்ஸுகளும் அதில் வருகிறோம். கண்ணாடி உடைந்தால், டாக்டரை அடித்தால், அந்த போர்டு ஞாபகம் வரும். 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் அந்த டாக்டர் பெண்ணுக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு, எல்லா இடத்திலும் கேமரா, செக்யூரிட்டி என்று பேச்சு வந்தது. வரட்டும், நல்லதுதான். ஆனால் ஸ்கிரீனுக்குள்ளே கேமரா வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. மணிக்கட்டைப் பிடிக்கிற கை எந்தக் காட்சியிலும் விழாது.

பலாப்பழம்

எல்லையைப் பற்றிப் பேசினால், நானே தாண்டிய இடத்தையும் சொல்ல வேண்டும். பண்ருட்டிப் பக்கத்துப் பாட்டி ஒருவர், இடுப்பு எலும்பு முறிந்து ஒரு மாதம் எங்களிடம் இருந்தார். என் அம்மா இறந்துபோன வருடம் அது. தலை வாரிவிடுவேன், வீட்டிலிருந்து ரசம் கொண்டுபோவேன். வீட்டுக்குப் போன பிறகு பேரனிடம் ஒரு முழுப் பலாப்பழம் கொடுத்தனுப்பினார். வாங்கிக்கொண்டேன், வார்டே சாப்பிட்டது. போன் நம்பரும் கொடுத்திருந்தேன். முதலில் சௌக்கியமா என்று கூப்பிட்டார். பிறகு கால் வீங்கினால் கூப்பிட்டார். பிறகு ஒரு ராத்திரி, தூக்கமே இல்லை கண்ணு, அங்கே கொடுத்த அந்த மாத்திரையை வாங்கி அனுப்பு என்றார். மறுநாள் மருந்துக் கடைக்காரரிடம் சொல்லி வாங்கிக்கூட வைத்துவிட்டேன். கவரை ஒட்டும்போதுதான் கை நின்றது. டாக்டர் எழுதாத தூக்க மாத்திரை, ஏற்கெனவே ஒரு முறை விழுந்த எண்பது வயதுப் பாட்டிக்கு. ராத்திரி தள்ளாடி எழுந்து மறுபடி விழுந்தால்? அனுப்பவில்லை. மகனைக் கூப்பிட்டு, செக்கப்புக்கு அழைத்து வரச் சொன்னேன். பாட்டிக்கு வருத்தம். அதற்குப் பிறகு போன் வரவில்லை.

பாசம் தப்பு என்று சொல்ல வரவில்லை. அந்த ரசம் எனக்கு வேண்டியிருந்தது, பாட்டிக்கு இல்லை. அது புரிய எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. பிறகு இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம், எல்லையை நீயே பார்த்துக்கொள் என்று எந்த வாயால் சொன்னேன்?

இரண்டு வருடத்துக்கு முன்னால், வேறு மருத்துவமனை, வேறு பெட். இந்த முறை நானே நோட்டில் எழுதினேன். 'இரவு 2.20. பி.பி. பார்க்கும்போது நர்ஸின் வலது கையைப் பிடித்தார். விடச் சொல்லியும் விடவில்லை.' அவ்வளவுதான், பெயர்ச்சொல் வினைச்சொல் மட்டும். காலையில் டியூட்டி டாக்டர், 'இது கேஸ் ஷீட்டா, எஃப்.ஐ.ஆரா?' என்றார். சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அவரையும் கூட்டிக்கொண்டுதான் பெட்டுக்குப் போனேன். மகன் பக்கத்தில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். 'ஐயா, நர்ஸ் கையைப் பிடிக்கக் கூடாது. இனி உங்க பெட்டுக்கு ரெண்டு பேர் சேர்ந்துதான் வருவாங்க' என்றேன். அப்போதுதான் அந்தப் 'பொண்ணு மாதிரி' பதில் வந்தது. மகன் ஒன்றும் பேசவில்லை. பொட்டலத்தை மடித்து வைத்தான். மாலையில் டிஸ்சார்ஜ் கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள். ஒரு வாரத்தில் எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதில் எழுதிக் கொடுத்தேன். அந்தக் காகிதம் அதன் பிறகு எங்கே போனது என்று தெரியாது, வேலை போகவில்லை.

இதையெல்லாம் பஸ்ஸில் அவளிடம் சொல்ல நினைத்தேன். 'நீ நன்றி சொல்லாதே, நான் உனக்கு ஒன்றும் செய்யவில்லை' என்று ஆரம்பிக்கக்கூடச் செய்தேன். ரெட்டிச்சாவடியில் கூட்டம் ஏறியது, ஒரு மீன் கூடை எங்கள் காலடியில் வந்து உட்கார்ந்தது. அவள் பிள்ளையின் போட்டோவை மறுபடி எடுத்து, எத்தனை பல் முளைத்திருக்கிறது என்று காட்டினாள். கன்னியக்கோவிலில் இறங்க வேண்டியவள். எழுந்து பையைத் தோளில் மாட்டியவள், ஏதோ ஞாபகம் வந்தது போலத் திரும்பிக் கேட்டாள்.

'அந்தாளுக்குக் கால் நல்லா சேந்துச்சாக்கா?'

சேர்ந்துவிட்டது என்றேன். ராடு எடுக்க வந்தபோது நடந்தே வந்தார் என்றேன். 'பரவால்ல' என்று சொல்லி இறங்கிப் போனாள்.